கிடங்கில் அரிசி, கப்பலில் பருப்பு

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் அவருடைய அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. மகனுக்குச் சென்னையில் வேலை. "கொள்முதல் நிலைய வாசலில் நெல் மழையில் நனைந்து முளைக்கிறது. அதே நேரத்தில் பருப்பும் எண்ணெயும் வெளிநாட்டுக் கப்பலில் வந்து இறங்குகின்றன. விவசாயிகள் ஏன் நெல்லையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? நெல்லை விடச் சொல்லி ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பாவோடு சண்டை. நான் சொல்வதில் என்ன தப்பு?" என்பது கேள்வி.

தம்பி, கோளாறை நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சண்டை போடத் தேர்ந்தெடுத்த ஆள்தான் தவறு. உங்கள் அப்பா கணக்குத் தெரிந்துதான் நெல் போடுகிறார். அந்த மூன்று ஏக்கரில் என்ன விளைய வேண்டும் என்பதில் பாதியை, அவர் சிறுவனாக இருந்தபோதே டெல்லியிலும் சென்னையிலும் முடிவு செய்துவிட்டார்கள். காவிரி டெல்டாவில் வேளாண் விரிவாக்க வேலையில் பல ஆண்டுகள் வரப்பில் நடந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1965, 1966 இரண்டு ஆண்டும் பருவமழை பொய்த்தது. 1966இல் மட்டும் இந்தியா சுமார் 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. பெரும்பகுதி பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமை. அடுத்த கப்பலை அனுப்பலாமா வேண்டாமா என்று அமெரிக்க அதிபர் ஜான்சன் மாதக்கணக்கில் இழுத்துப்பிடித்த காலம் அது. அந்த அவமானத்தை நேரில் பார்த்தவர் அப்போதைய மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். அவர் காலத்தில்தான் 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை வந்தது. நம் பக்கம் ஆடுதுறை 27, பிறகு ஐ.ஆர். 8 என்று புது நெல் ரகங்கள் பரவின.

பசுமைப் புரட்சி என்றால் எல்லோரும் விதையையும் உரத்தையும் பேசுவார்கள். நான் முதலில் சொல்வது வேறு இரண்டு ஏற்பாடுகளை. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் தொடங்கப்பட்டன. குழு விலை சொல்லும், கழகம் அந்த விலைக்கு வாங்கும். உணவுக் கழகத்தின் முதல் தலைமையகம் சென்னை, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். அதற்கு முன்பே, 1960இல், தீவிர வேளாண்மைக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் இருந்தது, பஞ்சாபின் லூதியானாவும் இருந்தது. இன்று நெல் மூட்டைகளைப் பற்றி நாம் படும் கவலையும், பஞ்சாபில் நிலத்தடி நீர் பற்றி அவர்கள் படும் கவலையும் அந்த ஒரே வேரில் முளைத்தவை.

விவசாயிக்கு விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: "அறுத்தபின் வாங்க ஆள் வருவானா?" மத்திய அரசு 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. அதில் உளுந்து, பச்சைப்பயறு, துவரை, நிலக்கடலை, எள், கேழ்வரகு எல்லாம் உண்டு. ஆனால் சாக்கும் தராசும் லாரியுமாக ஊருக்குள் வந்து நிற்பது நெல்லுக்கும் கோதுமைக்கும்தான். 2015இல் சாந்தகுமார் தலைமையிலான உயர்மட்டக் குழு, ஆதரவு விலையில் அரசு நிறுவனங்களுக்கு விற்பவர்கள் விவசாயிகளில் சுமார் 6 சதவீதம் பேர்தான் என்று எழுதியது. மீதிப் பேருக்கு அந்த விலை செய்தித்தாளில் படிக்கும் எண்.

உங்கள் அப்பாவின் நெல்லுக்கு 2025-26 பருவத்தில் சன்ன ரகம் என்றால் குவிண்டால் 2,545 ரூபாய், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து. நில உரிமைக்குச் சிட்டாவும், என்ன பயிர் என்பதற்கு அடங்கலும் இருந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வாங்கியாக வேண்டும். காத்திருப்பு இருக்கிறது, மழையில் நனைகிறது, மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கேட்கிறார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். அத்தனைக்கும் பிறகு பணம் வங்கிக் கணக்கில் வருகிறது. உளுந்துக்கோ எள்ளுக்கோ இந்த நிச்சயம் கிடையாது. வியாபாரி களத்துக்கு வந்து சொல்வதுதான் விலை. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் எதன் பக்கம் சாய்வார்?

பஞ்சாபைப் பாருங்கள். அங்கே வீட்டில் சுடுவது ரொட்டி. 1960-61இல் அங்கே நெல் சுமார் 2.3 லட்சம் ஹெக்டேரில்தான் இருந்தது. இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும் பயறும் இருந்த மணற்பாங்கான பூமி அது. முழுக் கொள்முதல் வந்தது, 1997இல் பாசனத்துக்கு மின்சாரமும் இலவசமானது, எல்லாப் பயிரையும் நெல் தள்ளிவிட்டது. ஆண்டுதோறும் பூமிக்குள் ஊறும் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் அங்கே இறைக்கிறார்கள். எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு, நெல்-கோதுமைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை வேறு பயிருக்கு மாற்றுங்கள் என்று 1986இலேயே சொன்னது. மாற்றுப் பயிரை வாங்க ஆள் ஏற்பாடு செய்யாமல் சொன்ன யோசனை, அப்படியே கிடந்தது.

ஒரு கொள்கையின் ஓட்டையை அடைக்க வந்த இன்னொரு கொள்கை எங்கே போய் முடிந்தது என்பதையும் பஞ்சாபில் பார்க்கலாம். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஜூன் 10க்கு முன் நாற்று நடக்கூடாது என்றார்கள். கோடையில் ஆவியாகிப்போகும் நீர் மிச்சமாகும் என்பது நோக்கம், நல்ல நோக்கம். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க மூன்று வாரம்கூட மிஞ்சவில்லை. வயலில் நிற்கும் தாளை அப்புறப்படுத்த நேரமில்லாமல் கொளுத்துகிறார்கள். அக்டோபர், நவம்பரில் டெல்லியை மூடும் புகையில் அந்தத் தாளின் பங்கும் இருக்கிறது. இதைச் சொல்லி விவசாயியைத் திட்டுகிறவர்கள், அவருக்கு அந்த மூன்று வாரத்தைக்கூட விட்டுவைக்காதது யார் என்று கேட்பதில்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1990 வாக்கில் இங்கே எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமானது. அது கொடுத்த வாழ்வை நான் குறைத்துப் பேச மாட்டேன். கமலை இறைத்து முதுகொடிந்தவர்களைப் பார்த்தவன். ஆனால் மானாவாரியில் கம்பும் சோளமும் வரகும் இருந்த புன்செய்கள் பம்புசெட் வந்ததும் நெல்லுக்கும் கரும்புக்கும் போயின. நியாயவிலைக் கடையில் அரிசி மலிவாகி, 2011 ஜூன் முதல் இலவசமாகவே கிடைத்தபோது, கம்பங்கூழ் குடித்த வீடுகளும் சோற்றுக்கு மாறின. பசி தீர்ந்தது பெரிய காரியம். கூடவே, சிறுதானியத்துக்கு வயலிலும் இடமில்லை, அடுப்பிலும் இடமில்லை என்று ஆயிற்று. இந்தியா முழுவதும் சாமை, வரகு, தினை போன்றவை 1960-களில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இருந்தன. இப்போது அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இனி உங்கள் கேள்வியின் நெஞ்சுக்கு வருகிறேன். எண்ணெயும் பருப்பும் ஏன் கப்பலில் வருகின்றன?

எண்ணெய்க் கதையில் நாம் ஒரு முறை ஜெயித்தோம் என்பது பலருக்குத் தெரியாது. 1986இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. விதை, விலை, கொள்முதல், ஆலை எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். 1985-86இல் சுமார் 1.1 கோடி டன்னாக இருந்த எண்ணெய்வித்து உற்பத்தி, பத்தே ஆண்டில் இரண்டு மடங்கைத் தாண்டியது. 1990-களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெய் இறக்குமதி தேவையில் மிகச் சிறு பங்காகச் சுருங்கியது. பிறகு 1994இல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று திறந்துவிட்டு, 65 சதவீதமாக இருந்த வரியைச் சில ஆண்டுகளிலேயே 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலேசிய, இந்தோனேசியப் பாமாயிலின் விலைக்கு விழுப்புரம், திருவண்ணாமலை நிலக்கடலை விவசாயி எப்படி ஈடுகொடுப்பார்? அதே நிலம், அதே விவசாயி, அதே மழை. சுங்க வரி மாறியது, பயிர் மாறியது. இன்று நாம் சமைக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய 1.6 கோடி டன்.

ஏழைக்கு மலிவு எண்ணெய் கிடைத்தது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். நம் நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலை நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றது. ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை நீடித்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. அதற்குள் இங்கே மளிகைக் கடையில் விலை என்ன பாடு படுத்தியது என்பது வீட்டில் அம்மாவைக் கேட்டால் தெரியும். 1966இல் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த நாடு, 2022இல் எண்ணெய்க் கப்பலுக்குக் காத்திருந்தது. உணவுப் பாதுகாப்பை அரிசிக் கிடங்கின் உயரத்தை வைத்து மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது.

பருப்பு இதைவிட வேதனை. உலகத்திலேயே அதிகம் பயறு விளைவிப்பதும் நாம்தான், அதிகம் தின்பதும் நாம்தான். 1961இல் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பருப்பு 69 கிராம். 2000-களில் அது 35 கிராம் அளவுக்கு இறங்கியது. 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. விலையைப் பார்த்து விவசாயிகள் பாய்ந்து விதைத்தார்கள். 2015-16இல் 1.63 கோடி டன்னாக இருந்த பயறு உற்பத்தி அடுத்த ஆண்டே 2.3 கோடி டன் ஆனது. இந்திய விவசாயி மாற மாட்டான் என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். அந்த ஆண்டு துவரை விலை ஆதரவு விலைக்கும் கீழே விழுந்தது. வாங்க வேண்டிய அரசு முழுதாக வாங்கவில்லை. அதற்கு முன்பே மொசாம்பிக்கிலிருந்து துவரை இறக்குமதியை இரட்டிப்பாக்க ஒப்பந்தமும் போட்டிருந்தது. சூடுபட்டவர்கள் மறுபடி பழைய பயிருக்குத் திரும்பினார்கள். 2024-25இல் பயறு இறக்குமதி 70 லட்சம் டன் அளவுக்குப் போயிற்று.

இப்போது உங்கள் அப்பாவின் வயலுக்கே போவோம். அங்கே இன்னொரு பயிர் இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. சம்பா, தாளடி நெல் போகங்களை அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மெழுகு பதத்தில் இருக்கும் வயலில் உளுந்தையோ பச்சைப்பயறையோ கைவிதைப்பாகத் தெளிப்பார்கள். உழவு கிடையாது, தனிப் பாசனம் கிடையாது, அடியுரம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் மாசிப் பனியும் போதும். எழுபது எழுபத்தைந்து நாளில் காய் பறித்துவிடலாம். நெல் தரிசுப் பயறு என்று துறையில் எழுதுவோம். ஊரில் சும்மா "உளுந்து தெளிப்பது". மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குப் பொட்டு, வீட்டுக்கு இட்லி மாவு, கையில் சித்திரைச் செலவுக்குப் பணம். ஒரு ஏக்கரையும் கூடுதலாகக் கேட்காமல் நாட்டுக்குப் பருப்பு கொடுத்த ஏற்பாடு அது. நெல்லா பருப்பா என்ற சண்டையே அதில் எழவில்லை.

அது ஏன் சுருங்கியது? யாரும் தடை போடவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளில் சம்பா தள்ளிப்போகிறது. அறுவடை பிப்ரவரி கடைசிக்குப் போனால் உளுந்துக்குக் காலம் தப்பிவிடும். ஆள் கிடைக்காமல் அறுவடை இயந்திரம் வந்தது. அதன் பெல்ட் ஓடும் தடத்தில் முளைத்த பயிர் நசுங்குகிறது. போர்வெல் வைத்தவர்கள் கோடையில் மூன்றாம் போக நெல்லுக்கோ பருத்திக்கோ போனார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேல், உளுந்தை யார் வாங்குவார் என்ற பழைய கேள்வி. மத்திய அரசின் விலை ஆதரவுத் திட்டத்தில் வெகுகாலம் ஒரு மாநில விளைச்சலில் கால் பங்கு வரைதான் வாங்கலாம் என்று வரம்பு இருந்தது. கிராமத்துக்கு ஒரு நெல் கொள்முதல் நிலையம் இருக்கும். உளுந்தைக் கொண்டுபோய்ப் போட ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு எத்தனை மைல் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். டெல்டாவில் கோயில் நிலத்துக்குக் குத்தகையையே நெல்லாக அளந்து நிர்ணயித்த வழக்கம் உண்டு. குத்தகை நெல்லாக, கடன் நெல்லுக்கு, காப்பீடு நெல்லுக்கு, கொள்முதல் நெல்லுக்கு. எழுத்தில் குத்தகை இல்லாதவருக்கு அடங்கலே கிடைக்காது. பயிரை மாற்று என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

நிலமே வேறாகிப் போவதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் துளைகளுக்கு அது தடை. நான் மனமார வரவேற்றேன். ஆனால் ஏற்கெனவே நடக்கும் வேலைகளை அது தொடவில்லை. புறவழிச்சாலை ஓரத்து வயல்கள் மனைக்கட்டுகளாவதும் நிற்கவில்லை. கேரளத்தில் நெல்வயல் காப்புச் சட்டம் 2008இல் வந்தபோது, 1970-களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல்வயலில் கால் பங்கு அளவுதான் மிஞ்சியிருந்தது. வேலி போடுவதானால் பயிர் இருக்கும்போதே போட வேண்டும்.

அண்மையில் ஒரு புதுக் கை நிலத்தின் மேல் விழுந்திருக்கிறது: எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் கலக்க வேண்டும் என்ற இலக்குக்காக உணவுக் கழக அரிசியும் மக்காச்சோளமும் ஆலைக்குப் போகின்றன. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் இறக்குமதி செய்தது. கோழித்தீவன விலை ஏறி நாமக்கல் பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். எத்தனால் ஆலை வாங்குகிறது என்பதால் துவரை, சோயா நிலங்களில் மக்காச்சோளம் ஏறுகிறது. காரணம் மறுபடியும் அதேதான், வாங்க ஆள் நிச்சயம்.

அரிசிக் கொள்முதலைக் கைவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2020இல் கொரோனா ஊரடங்கில் 80 கோடிப் பேருக்கு இலவசத் தானியம் கொடுக்க முடிந்தது அந்தக் கிடங்குகள் நிறைந்திருந்ததால்தான். அதை உடைக்கச் சொல்பவர்கள் 1966ஐ மறந்தவர்கள். என் வருத்தம், அந்த ஏற்பாடு இரண்டே தானியத்தோடு நின்றுவிட்டது என்பதில். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அரிசி நிறைந்த வீட்டிலேயே அந்தப் பெண்ணும் இருக்கிறாள்.

அந்த ஏற்பாட்டை விரித்தால் விரியும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் கேழ்வரகை ஆதரவு விலைக்கு நேரடியாக வாங்கி, 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அளவு சிறியது, வழி சரியானது. வயலையும் கடையையும் ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் அறிவித்த பயறு இயக்கத்தில் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பை நான்கு ஆண்டுகளுக்கு, பதிவு செய்த விவசாயிகள் கொடுப்பதை முழுவதும் வாங்குவதாக மத்திய அரசு சொல்லியிருக்கிறது. நம் நியாயவிலைக் கடைகள் 2007 முதல் துவரம்பருப்பு கொடுக்கின்றன. அந்தப் பருப்பில் ஒரு பங்காவது தமிழ்நாட்டு வயலில் வாங்கியது என்றால், மதுரைப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் துவரை தானாக ஏறும்.

உங்கள் அப்பாவிடம் நெல்லை விடச் சொல்லாதீர்கள். அடுத்த சம்பாவுக்கு 155, 160 நாள் ரகம் போடும் வழக்கம் இருந்தால், நீர் வரத்தைப் பார்த்து ஆடுதுறை 39 மாதிரி மத்தியகால ரகத்துக்கு மாறலாமா என்று மட்டும் கேளுங்கள். தை கடைசிக்குள் வயல் காலியானால் உளுந்துக்குக் காலம் கிடைக்கும். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதை, ஆடுதுறை 3 உளுந்து ரகம் போதும். இயந்திர அறுவடை என்றால் முன்கூட்டித் தெளிக்காமல், அறுத்த கையோடு ஈரம் காயுமுன் விதையுங்கள். பூக்கும் சமயத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற ஊட்டக் கலவை ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளித்தால் பூ உதிர்வது குறையும். 200 கிலோ வந்தாலும் 2025-26 ஆதரவு விலையான கிலோ 78 ரூபாயில் ஏக்கருக்கு 15,600. விதைக்கும் முன்பே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பெயர் பதிவு எப்போது என்று நீங்கள் சென்னையிலிருந்தே விசாரித்து அவரிடம் சொல்லுங்கள். அலைச்சலில் பாதி அங்கேதான் இருக்கிறது, அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் விதைப்பதை அவர் பார்த்துக்கொள்வார்.